முகம் பார்க்காத புள்ளி

அத்தியாயம் 9

துப்பறிவாளர் தீயணைப்புக் கருவியைப் படித்துக்கொண்டிருந்தார்.

அதில் படிக்க அதிகம் இல்லை. ஊசியை இழுக்கவும், குழாயை நெருப்பின் அடிப்பகுதிக்குக் காட்டவும், கைப்பிடியை அழுத்தவும். அவ்வளவுதான். இதை அவர் ஏதோ கல்வெட்டை வாசிப்பவர்போல நெற்றியைச் சுருக்கி வாசித்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். முதுகுக்குப் பின்னால் லிஃப்ட் கதவு திறந்தது. ஒரு செருப்புச் சத்தம் கூடத்தைக் கடந்து போய், கண்ணாடிக் கதவுக்கு வெளியே தேய்ந்தது. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தார்.

"போயிட்டா. இனிமே திரும்பலாம்," என்றாள் அக்கா.

அக்கா என்றால் கூடப் பிறந்த அக்கா. தொலைபேசி நிலையத்தில் காலமெல்லாம் அடுத்தவர் பேச்சை இணைத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவள். வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல் தம்பியின் தொழிலில் உதவியாளராகச் சேர்ந்துவிட்டாள். பெயர்பெற்ற துப்பறிவாளரை வாடிக்கையாளர் எதிரிலேயே 'டேய்' என்று கூப்பிடும் உதவியாளர் வேறு எங்கும் இல்லை. அவளை வேலையைவிட்டு நீக்கும் அதிகாரம் துப்பறிவாளருக்கு உண்டு, துணிவுதான் இல்லை.

"தீப்பிடிச்சா என்ன செய்யணும்னு தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லதுக்கா," என்றார் அவர்.

"பிடிச்சுத்தான் இருக்கு. பத்த வச்சதே நீதான்."

அவர் கருவியின் ஊசியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

அவர்கள் நின்றிருந்த இடம் மனித உறவுகளைக் கணக்கில் அடைக்கும் ஓர் ஆய்வு நிறுவனம். அங்கே வேலை பார்க்கும் ஒவ்வொருவர் மார்பிலும் பிஸ்கட் அளவில் ஒரு வில்லை தொங்கும். இரண்டு பேர் எதிரெதிரே நெருங்கி நின்றால் இரண்டு வில்லைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். உடனே கூடத்துச் சுவரை நிறைத்திருக்கும் பெரிய திரையில், அந்த இருவருக்கான புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு முளைக்கும். அடிக்கடி சந்தித்தால் கோடு தடிக்கும், சந்திக்காவிட்டால் மெலிந்து மறையும். நாள்தோறும் உருமாறும் அந்த வலையை வைத்து, யார் யாருடன் இனிப் பேசுவார்கள், யாரை எடுத்துவிட்டால் பேச்சு எங்கே அறுந்துபோகும் என்றெல்லாம் கணித மாதிரி ஒன்று சொல்லிவிடும். மாதிரியின் தந்தை என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்பவர் இயக்குநர். திரையில் அவர் புள்ளி மட்டும் மற்றவர்களுடையதைவிடப் பெரிது. எல்லாப் புள்ளிகளிலிருந்தும் அதற்குக் கயிறுபோலத் தடித்த கோடுகள் ஓடும். ஊழியர்கள் தம்மீது வைத்திருக்கும் அன்பின் வரைபடம் அது என்பார். ஒவ்வொருவரையும் எதிரே நிற்கவைத்துத் தினமும் திட்டுகிறார் என்பதை வில்லை அறியாது. அதற்குக் காது கிடையாது.

இந்த மாதிரியை ஒரு பெட்டித் தொழிற்சாலை விலைக்கு வாங்கியது. இன்னின்ன புள்ளிகளை அகற்றினால் ஆலைக்குள் பேச்சு அடங்கும் என்று நிறுவனம் ரகசியமாக ஆலோசனை சொன்னது. புள்ளிகள் அகற்றப்பட்டன. அகற்றப்பட்டவர்கள் வீட்டுக்குப் போனபோதுதான் அவர்களுக்குக் கையும் காலும் இருந்தது பலருக்கு உறைத்தது. அந்த ஆலோசனை, புள்ளிகளின் படத்தோடு, பத்திரிகையில் வெளியாகிவிட்டது. பத்திரிகைக்குக் கொடுத்தது யார் என்று கண்டுபிடிக்கத்தான் துப்பறிவாளர் வந்தார்.

வந்த அன்றே கண்டுபிடித்தும் விட்டார். அல்லது அப்படி எழுதிக் கொடுத்தார். செய்தி கசிவதற்கு முந்தைய வாரம் ஒரு புள்ளி மட்டும் வீங்கி, எல்லா மாடிகளுக்கும் கோடு விட்டிருந்ததை இயக்குநர் திரையில் காட்டினார். "கசிவுக்கு முன்னால மையம் வீங்கும்" என்று தத்துவம் சொன்னார். திரையின் பளபளப்பில் துப்பறிவாளர் சொக்கிப்போனார். அந்தத் தத்துவத்தைத் தம் கண்டுபிடிப்புபோலத் தம் நடையில் எழுதி, கீழே பெரிதாகக் கையெழுத்தும் போட்டார். வீங்கிய புள்ளி மூன்றாம் மாடியில் இருக்கும் புரோகிராமர் பெண். இன்று மாலை நிர்வாகக் குழு கூடி அவளை வேலையைவிட்டு நீக்கப்போகிறது. இப்படி ஒரு பழியோடு வெளியே போனால் இந்தத் தொழிலில் யாரும் அவளைச் சேர்க்கமாட்டார்கள்.

புள்ளி வீங்கிய காரணத்தை அக்காதான் பெண்கள் ஓய்வறையில் விசாரித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் தன் கம்மல் ஒன்றைத் தொலைத்துவிட்டு, பார்த்தவர்களிடமெல்லாம் நின்று நின்று கேட்டிருக்கிறாள். மாமியார் போட்ட கம்மல். அதனால் தேடலில் சற்று வேகம் இருந்தது. இதை இயக்குநரிடம் சொன்னபோது, மாதிரியில் கம்மலுக்கு இடம் இல்லை என்றார்.

அன்றிலிருந்து அவள் வரும் சத்தம் கேட்டாலே துப்பறிவாளர் படிக்க ஏதாவது தேடத் தொடங்கினார்.

*

கட்டுப்பாட்டு அறையில் இயக்குநர் தம் வலையை மறுபடியும் விரித்துக் காட்டினார். மானுட உறவுகளின் ஈர்ப்பு விதி என்று தொடங்கி, ஒரு மனிதனை அவன் சொல்வதிலிருந்து அல்ல, அவன் கோடுகளிலிருந்துதான் அறிய வேண்டும் என்பதுவரை மூச்சு விடாமல் வந்து சேர்ந்தார். அக்கா கொட்டாவியைப் பாதியில் மடக்கிப் போட்டாள்.

"வெளியாளுக்கும் வாசல்ல வில்லை மாட்டி விடுறீங்களே, என் தம்பி இதுல எங்க இருக்கான்?" என்று கேட்டாள்.

விருந்தினர்கள் சாம்பல் நிறப் புள்ளி என்று இயக்குநர் பெருமையாக விளக்கி, ஒரு சாம்பல் புள்ளியைத் தொட்டார். அதிலிருந்து கோடுகள் கிளம்பின. இயக்குநருக்கு ஒரு தடித்த கோடு. வாசல் காவலருக்கு ஒன்று. எல்லா மாடிகளிலும் மெல்லிசாகப் பல. தாம் இத்தனை பேரிடம் பேசியிருக்கிறோமா என்று துப்பறிவாளருக்கே கொஞ்சம் பூரிப்பு வந்தது.

"புரோகிராமர் பொண்ணுக்கு எது?"

இயக்குநர் தேடினார். இல்லை. நல்ல விசாரணையாளர் சந்தேகத்துக்குரியவரிடமிருந்து விலகித்தான் இருப்பார் என்று பாராட்டினார். துப்பறிவாளர் தம் ஷூ நுனியைப் பார்த்தார்.

"அவமேல பழி விழுந்ததிலேருந்து அவகூட ஒரு கோடுகூட இல்லாதவங்க வேற யாரு? அதை மட்டும் காட்டுங்க."

இயக்குநர் எதையோ தட்டினார். புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவள் பையைச் சோதித்த பாதுகாப்பு அதிகாரி அணைந்தார், அவளோடு கோடு இருந்தது. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று அவளோடு தீராத சண்டையில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அணைந்தாள். பழி சுமத்திய இயக்குநரே அணைந்தார். கடைசியில் இருண்ட திரையில் இரண்டே புள்ளிகள் மிஞ்சின. ஒன்று சாம்பல். இன்னொன்று மூன்றாம் மாடியில், புரோகிராமரின் புள்ளிக்கு ஒட்டினாற்போல இருந்தது.

அது வாத்தியார். மாதிரியின் சமன்பாடுகளையெல்லாம் உண்மையில் எழுதியவர். எதைக் கேட்டாலும் கரும்பலகைக்கு இழுத்துக்கொண்டு போவதால் அந்தப் பட்டப்பெயர்.

"மாசில்லாத புள்ளி. ஒரே அறையில இருந்தும் அவளோட தொடர்பே இல்லை," என்றார் இயக்குநர்.

"உங்க கணக்குப்படி, ஒரே ரூம்ல இருக்கிற ரெண்டு பேரு சும்மா எழுந்து உட்கார்ந்தாலே எதிரெதிராப் பட்டுக்குவாங்கல்ல?"

தற்செயல் சந்திப்பு என்று அதற்குப் பெயர் உண்டு என்றும், அது கட்டாயம் இருக்கும் என்றும் இயக்குநர் ஒப்புக்கொண்டார். அப்படியானால் ஒன்றுகூட இல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்று அக்கா கேட்டாள். கோடு இல்லாத இடத்தை மாதிரி கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்றார் அவர். இல்லாததை எப்படி அளப்பது என்று சிரிக்கவும் செய்தார்.

பழைய நாட்களைக் காட்டும்படி துப்பறிவாளர் மெல்லக் கேட்டார். அந்த அறைக்கு வந்து அவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான். காட்டினார்கள். அதுவரை வாத்தியாருக்கும் புரோகிராமருக்கும் நடுவே அந்த மாடியிலேயே தடித்த கோடு ஓடிக்கொண்டிருந்தது. அவள்மேல் பழி விழுந்ததும் மற்றவர்களுடைய கோடுகள் நாளாக நாளாக மெலிந்தன. வாத்தியாருடையது மெலியவில்லை. ஒரேயடியாக அறுந்தது.

"நன்றி," என்றார் துப்பறிவாளர். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

*

நடைபாதைக்கு வந்ததும் அக்கா அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டேய், ஒருத்தர்கூடப் பழக்கம் இல்லைன்னா அது தானா நடக்கும். பக்கத்து நாற்காலிக்காரி மூஞ்சியை ஒரு தடவைகூடப் பார்க்காம இருக்கிறது தானா நடக்காது. அதுக்கு உழைக்கணும். இந்தக் கட்டடத்துல அப்படி உழைச்சவங்க ரெண்டே பேரு. நீ எதுக்கு உழைச்சேன்னு எனக்குத் தெரியும்."

துப்பறிவாளருக்குக் காது மடல் சுட்டது. அவள் லிஃப்டில் வந்தால் அவர் படியில் போனார். அவள் சாப்பாட்டு அறையில் இருந்தால் அவருக்குப் பசிக்கவில்லை. முன்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் குப்பைக் கூடைகள் அடுக்கியிருக்கும் பின்படியில் இறங்கினார். அந்தப் பின்படியை நினைத்ததும் அவர் அப்படியே நின்றார்.

"அக்கா, பின்படியில யாருமே வர்றதில்லை. ஆனா நான் போறப்பல்லாம் ஒருத்தர் எதிர்ல வருவார். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசமாட்டோம். ஒருத்தருக்கொருத்தர் வழி விட்டுட்டுப் போயிடுவோம்."

"யாரு?"

"வாத்தியார்."

இயக்குநரின் கணித மாதிரிக்கு எட்டாத விடை, துப்பறிவாளருக்குத் தாம் ஒளிந்த இடத்திலிருந்தே கிடைத்துவிட்டது. வேறு எந்த வழக்கிலும் இவ்வளவு அசிங்கமான தடயம் அவர் கையில் சிக்கியதில்லை.

*

மூன்றாம் மாடி அறையில் வாத்தியார் ஜன்னல் வைத்த சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மேஜையே சுவர்ப்பக்கம் திருப்பிப் போடப்பட்டிருந்தது. அது முன்பு நின்ற இடத்தில் மேஜைக்கால் தடங்கள் நான்கும் தரையில் அப்படியே இருந்தன. அவை புரோகிராமரின் மேஜைக்கு நேர் எதிரே. போதாததற்கு, கம்ப்யூட்டர் திரையின் பக்கத்தில் தடித்த புத்தகங்களைத் தலை மறையும் உயரத்துக்கு அடுக்கியிருந்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் ஒரு பெண்ணின் கைப்பை தொங்கியது.

வெளிச்சத்தில் கண் கூசியது, அதனால் திருப்பினேன் என்றார் வாத்தியார், யாரும் கேட்பதற்கு முன்பே.

"ஜன்னல் இப்பத்தான் உங்க மூஞ்சிக்கு நேரா இருக்கு," என்றாள் அக்கா.

துப்பறிவாளர் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மிரட்டலாகத் தொடங்குவதுதான் அவர் வழக்கம்; அதற்கென்று ஒரு குரலே வைத்திருந்தார். இன்று அது வரவில்லை.

"பின்படி வழுக்குது, இல்லை? எனக்கும் ரெண்டு தடவை வழுக்கிச்சு. அவளுக்கு நான் என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியும். அதான் ஒளியுறேன். நீங்க என்ன செஞ்சீங்க?"

வாத்தியார் அடுக்கின் மேலிருந்த புத்தகத்தை நேராக்கினார். பிறகு பேசத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. ஆலைக்கான கணக்கைப் போட்டது அவர்தான். புள்ளிகளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் விஞ்ஞானம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பேச்சு எந்தப் புள்ளியின் வழியாக எல்லோருக்கும் போகிறதோ அதைக் கணக்கு காட்டிக் கொடுத்தது. அகற்றப்பட்டவர்களில் ஒருவர் அந்த ஆலையில் மேற்பார்வையாளர். எல்லோரிடமும் சிரித்துப் பேசுபவர். அவர் வாத்தியாருடைய தங்கையின் கணவர்.

"தங்கச்சி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். சோறு போட்டுக்கிட்டே சொன்னா, எவனோ ஒருத்தன் கணக்குப் போட்டு இவர் வேலையைத் தூக்கிட்டான் அண்ணா, அவன் நல்லா இருப்பானான்னு. நான் தண்ணி கேட்டேன்."

மறுநாள் ஆலோசனையைப் படத்தோடு பத்திரிகைக்கு அனுப்பினார். மனபாரம் கொஞ்சம் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே பழி வேறொரு பெண்ணின் தலையில் விழுந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். அது பெரிதில்லை என்றார். ஆனால் அனுப்பியது யார் என்று தெரிந்தால் எழுதியது யார் என்பதும் தெரிந்துவிடும். தங்கை அதைப் படிப்பாள்.

"இவ தினம் வந்து அந்த நாற்காலியில உட்கார்றா. ஒரு வார்த்தை கேட்கமாட்டேங்குறா. திட்டினாக்கூடத் தாங்கிக்கலாம்."

அப்போது கதவருகே செருப்புச் சத்தம் கேட்டது. துப்பறிவாளரின் கால்கள் பழக்கதோஷத்தில் எழப் பார்த்தன. அக்கா அவர் தோளில் கையை வைத்து அழுத்தினாள்.

புரோகிராமர் வாசலில் நின்றாள். ஒரு காதில் மட்டும் கம்மல் இருந்தது. வாத்தியார் எழுந்தார், புத்தக அடுக்கைச் சுற்றி வந்தார், அவளுக்கு எதிரே போய் நின்றார். என்னென்னவோ தயாரித்து வைத்திருந்திருப்பார். வாயில் வந்தது ஒரே வாக்கியம்.

"அனுப்பினது நான்தாம்மா."

"தெரியும் சார்."

அக்காவின் கை துப்பறிவாளரின் தோளிலிருந்து நழுவியது.

"பேப்பர்ல வந்த படத்துல மேல் மூலையில ஒரு கோடு தப்பா ஓடுச்சு. அப்புறம் நாம அதைத் திருத்திட்டோம். திருத்தாத படம் உங்க கம்ப்யூட்டர்லயும் என் கம்ப்யூட்டர்லயும் மட்டும்தான் இருந்துச்சு. நான் அனுப்பலை."

"ஏன்மா யார்கிட்டயும் சொல்லலை?"

"இன்னிக்குப் பார்ப்பீங்க, நாளைக்குப் பார்ப்பீங்கன்னு இருந்தேன். நீங்க மேஜையைத் திருப்பிப் போட்டீங்க."

*

நிர்வாகக் குழு நீள மேஜையைச் சுற்றி, நாற்காலிகளின் விலைக்கு ஏற்ற கம்பீரத்தோடு உட்கார்ந்திருந்தது. வாத்தியார் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். இத்தோடு முடிந்தது என்று துப்பறிவாளர் நினைத்தார். குற்றவாளியே வாய் திறந்து ஒப்புக்கொண்ட பிறகு வழக்கில் என்ன மிச்சம் இருக்கப்போகிறது?

இயக்குநர் மிச்சம் இருந்தார்.

அவர் கனிவோடு சிரித்தார். சக ஊழியரைக் காப்பாற்ற இவர் பழியைத் தம் தலையில் போட்டுக்கொள்கிறார், இது பெருந்தன்மை, ஆனால் அறிவியல் இல்லை என்றார். வாத்தியாரின் புள்ளி அமைதியான புள்ளி. மாதிரி அப்படித்தான் சொல்கிறது. ஒரு மனிதன் தன்னைப் பற்றித் தவறாகச் சொல்லலாம், மாதிரி சொல்லாது. குழு தலையாட்டியது. நான்தான் செய்தேன் என்று வாத்தியார் மறுபடி சொன்னார். உணர்ச்சிவசப்படாதீர்கள் என்று அவரை உட்காரச் சொன்னார்கள்.

"தவிர, இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை," என்று இயக்குநர் துப்பறிவாளரின் அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். வெளியிலிருந்து வந்த, பெயர்பெற்ற, நடுநிலையான நிபுணர் ஒருவர் தனியாக ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்திருக்கிறார்.

எல்லோரும் நிபுணரைப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வைக்காகத்தான் அவர் இந்தத் தொழிலுக்கு வந்தார். போட்டிருந்த கருநீலக் கோட்டும் அதற்காகத் தைத்ததுதான். இப்போது வாயைத் திறந்தால், நாளை முதல் காணாமல் போன நாயைத் தேடச் சொல்லிக்கூட யாரும் கூப்பிடமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தாலோ, மேஜையின் கோடியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் பழியோடு வீட்டுக்குப் போவாள், அவர் பின்படியிலேயே இறங்கிப் போய்விடலாம்.

அவர் எழுந்தார்.

"அந்த அறிக்கை தப்பு. அதுல என்னோடதுன்னு சொல்ல கையெழுத்தைத் தவிர ஒண்ணும் இல்லை. இவர் சொன்னதைத்தான் நான் என் நடையில எழுதிக் கொடுத்தேன். அந்தம்மாவை நான் விசாரிக்கவே இல்லை."

குழுவில் அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த மூத்த வழக்கறிஞர் அம்மாள் கண்ணைத் திறந்தார்.

"அப்ப இத்தனை நாளா இங்க என்னய்யா செஞ்சீங்க?"

"படிக்கட்டுல ஒளிஞ்சுக்கிட்டிருந்தேன்மா."

யாரோ சிரித்தார்கள். வழக்கறிஞர் அம்மாள் சிரிக்கவில்லை. அறிக்கையைத் தம் பக்கம் இழுத்து, கையெழுத்தைப் பார்த்து, அவரைப் பார்த்து, பிறகு அதைக் கவிழ்த்துப் போட்டார். விசாரிக்காமல் எழுதிய அறிக்கையை நம்பி ஒருவரை வேலையைவிட்டு அனுப்பினால் நீதிமன்றத்தில் தாம் வந்து நிற்கப்போவதில்லை என்று இயக்குநரிடம் சொன்னார். புரோகிராமர்மேல் இருந்த குற்றச்சாட்டு அப்போதே விலக்கப்பட்டது. வாத்தியாரின் ஒப்புதலைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. மாதிரி இதற்கு ஒத்துக்கொள்ளாது என்று இயக்குநர் முணுமுணுத்தார். அம்மாள் அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்றார்.

வெளியே வந்ததும் வாத்தியார் நேராகத் தங்கை வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு நகராமல் நின்றார்.

"போங்க," என்றாள் அக்கா. "திட்டுவா. கையில கிடைச்சதை எடுத்து வீசுவா. நகராம நின்னு வாங்கிக்குங்க. தப்பிச்சு ஓடினாத்தான் எங்களுக்குக் கோபம் அதிகமா வரும்."

அவர் போனார்.

புரோகிராமர் கைப்பையோடு வாசல் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். மாலை வெயில் கண்ணாடிக் கதவில் அடித்துக்கொண்டிருந்தது. படிக்க எதுவும் கண்ணில் படவில்லை. துப்பறிவாளர் அவளைத் தாண்டிப் போய் இரண்டு படி கீழே நின்று, திரும்பி, முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். எதிர்பார்த்ததைவிட வயது குறைந்த முகம். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

தப்பு நடந்துவிட்டது என்றார். நடந்துவிடவில்லை, நான் செய்தேன் என்று தாமே திருத்திக்கொண்டார். மன்னிப்பு என்ற வார்த்தையைத் தொட்டுவிட்டு, அதைத் தூக்க முடியாமல் கீழே வைத்தார்.

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லார்கிட்டயும் கேள்வி கேட்டீங்க சார். வாசல் காவலர்கிட்டகூடக் கேட்டீங்களாம். என்கிட்ட மட்டும் ஒண்ணுகூடக் கேக்கலை."

"கேட்டிருந்தா அந்தப் படத்தைப் பத்திச் சொல்லியிருப்பீங்களா?"

"தெரியலை. ஆனா கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம்தான். துப்பறிவாளர் இப்போதாவது கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்தார். ஆயிரம் பேரைக் குறுக்கு விசாரணை செய்து புரட்டிப் போட்ட வாய் அது. பக்கத்தில் அக்கா காத்திருந்தாள், அந்தப் பெண்ணும் காத்திருந்தாள். அந்த வாயில் ஒரே ஒரு கேள்விதான் அகப்பட்டது.

"சாப்பிட்டீங்களாம்மா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். குத்திக்காட்டும் எண்ணம் எதுவும் அவள் முகத்தில் இல்லை; கேட்டதற்கு உண்மையான பதிலைத் தேடுபவள்போலத்தான் இருந்தாள்.

"நீங்க எழுதிக் குடுத்த நாள்லேருந்து சரியா இல்லை சார்," என்றாள்.